ஃபயர் அண்ட் சேஃப்டி படிக்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வண்டியில் ஏறிப் போகும் அரசுத் தீயணைப்பாளர் வேலைக்கு ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ டிப்ளமோ தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதற்கு ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பணிகளோடு சேர்த்து ஒரே தேர்வாக நடத்துகிறார்கள். ஃபயர் அண்ட் சேஃப்டி படிப்பு போய்ச் சேரும் இடம் வேறு: ஆலை, மருத்துவமனை, கட்டுமானத் தளம், மால், வளைகுடா நாடுகள். இரண்டையும் போட்டுக் குழப்பி, “முடித்தால் ஃபயர் ஸ்டேஷனில் வேலை” என்ற பேச்சை நம்பி, மாடு விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்காக இந்தப் படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது மிகவும் தேவையான படிப்பு. ஓசூரில் வாகன ஆலைகள், சூளகிரியில் தொழிற்பேட்டை, போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள், கிரானைட் குவாரிகள் என்று தீயும் வெடியும் பக்கத்திலேயே இருக்கிற தொழில்கள்தான் இங்கே அதிகம். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்ததில் தீபாவளி சீசன் வேலைக்குப் போயிருந்த தருமபுரி மாவட்டப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். வெளியே போக ஒரு வழி, சரக்குக்கும் ஆளுக்கும் நடுவே ஓர் இடைவெளி, எது எங்கே இருக்கக்கூடாது என்று தெரிந்த ஒருவர். இந்த மூன்றும் ஓர் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பு.

முதல் படி: எந்த வாசல் உங்களுக்கு?

கையில் என்ன படிப்பு இருக்கிறதோ, அதைப் பொறுத்து வாசல் மாறும்.

பத்தாவது முடித்திருந்தால் ஐ.டி.ஐ. வழி இருக்கிறது. தீயணைப்புத் தொழில்நுட்பம் மற்றும் தொழிற்சாலைப் பாதுகாப்பு மேலாண்மை என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககத்தின் பட்டியலில் உள்ளது. கடைசியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி, தேசிய தொழிற்சான்றிதழ் வாங்கலாம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. சேர்க்கை நடக்கும் சமயத்தில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் எந்த ஊரில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். பக்கத்தில் கிடைக்கவில்லையென்றால் எலக்ட்ரீஷியனோ ஃபிட்டரோ படித்துவிட்டு, பாதுகாப்புச் சான்றிதழைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கையில் ஒரு தொழில் இருப்பவரைத்தான் ஆலையில் முதலில் எடுப்பார்கள், அதனால் இது மட்டமான வழி கிடையாது.

அடுத்தது சமுதாயக் கல்லூரி. 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய முயற்சி இது. வசதியில்லாத, பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகளுக்கும் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்ப்பதுதான் நோக்கம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட கல்லூரிகளை அங்கீகரித்துத் தொழில்சார் டிப்ளமோ கொடுத்து வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013-ல் தனியாக ஒரு சமுதாயக் கல்லூரித் திட்டம் கொண்டுவந்தது. நல்ல சமுதாயக் கல்லூரியில் வகுப்பு பாதி, களப்பயிற்சி பாதி என்று இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு ஏற்றது.

பாலிடெக்னிக் டிப்ளமோவோ இன்ஜினீயரிங் பட்டமோ, இயற்பியல் அல்லது வேதியியல் பட்டமோ இருந்தால் ஆறு மாத கோர்ஸ் பக்கமே போகாதீர்கள். உங்களுக்கான இடம், சட்டப்படி ‘சேஃப்டி ஆபீசர்’ ஆகத் தகுதி தரும் படிப்பு. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழிற்பாதுகாப்பில் உயர்நிலை டிப்ளமோ நடத்துகிறது. மேற்பார்வை அனுபவம் கேட்பார்கள், ஆகவே முதலில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அனுபவச் சான்றிதழை ஒழுங்காக வாங்கி வையுங்கள்.

ப்ளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்து நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர்கள் பெரிதாகவே யோசிக்கலாம். நாக்பூரில் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரியில் தீப் பொறியியலில் பட்டப்படிப்பு இருக்கிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீப் பொறியியல் பி.டெக். இருக்கிறது, அதற்கு அந்தப் பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு வைக்கிறது. ஓசூரில் ரயில் ஏறினால் போகிற தூரம்தான், ஆனால் நம் பள்ளிகளில் இந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை.

இரண்டாம் படி: பணம் கட்டுவதற்கு முன்னால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பிள்ளையின் பணமும் ஒரு வருடமும் போகிற இடம் இதுதான்.

கல்லூரிக்குப் போய் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்?” பல்கலைக்கழகமா, தொழில்நுட்பக் கல்வி இயக்ககமா, மத்திய பயிற்சி இயக்ககமா, தேசிய தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் ஏற்பு பெற்ற அமைப்பா? இல்லை, அந்த நிறுவனமே அடித்துக் கொடுக்கிறதா? போன வருடம் முடித்த ஒருவரின் சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டினாலும் போதும். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும் சான்றிதழ்களைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது அந்த நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கிடைத்த சான்று. உங்கள் படிப்புக்கு அது அங்கீகாரம் ஆகாது. ‘அரசு பதிவு பெற்றது’ என்பதும் அப்படித்தான். டிரஸ்டாகப் பதிவு செய்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரும் கோர்ஸின் பெயரும் இரண்டும் இருக்க வேண்டும். கல்லூரி பெயர் இருந்து, கோர்ஸ் இல்லாமல் இருப்பதும் உண்டு. திறன் பயிற்சி என்றால் ஸ்கில் இந்தியா தளத்தில் தேடிப் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு சுலபமான சோதனை இருக்கிறது. “இந்தக் கோர்ஸில் சேர்ந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருமா?” என்று கேளுங்கள். தொலைநிலைப் படிப்புக்கு அது வராது, சரி. ஆனால் நேரடி வகுப்பு நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே இந்தக் கேள்விக்கு மழுப்பினால், அங்கீகாரத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பயிற்சித் திடலை நேரில் பாருங்கள். பார்க்க வேண்டியவை அதிகமில்லை. நிஜமாகத் தண்ணீர் வரும் ஹைட்ரண்ட் (ஹோஸ் மாட்டும் தீயணைப்புக் குழாய்) ஒன்று, 15 மீட்டர் ஹோஸ் சிலது, நெருப்பு மூட்டி அணைத்துப் பழகும் இரும்புத் தட்டு, ஒவ்வொரு வகையிலும் தீயணைப்பான், புகைக்குள் போக முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரோடு கூடிய மூச்சுக்கருவி குறைந்தது ஒரு செட். தட்டின் அடியில் கரி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பளபளவென்று புதிதாக இருந்தால் அங்கே யாரும் நெருப்பு வைத்ததில்லை. ஏணியும் கயிறும் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தாலும் அதே கதைதான்.

“நூறு சதவீத வேலை உத்தரவாதம்” என்று எழுதிக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, முன்பு படித்தவர்கள் யாராவது இரண்டு பேரிடம் பேச வைக்கச் சொல்லுங்கள். மூலச் சான்றிதழ்களை எங்கேயும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். கட்டணத்தைத் தவணையாகக் கட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள்.

மூன்றாம் படி: சேர்ந்த பிறகு எதை முதலில் படிப்பது

நெருப்புக்கு எரிபொருள், வெப்பம், ஆக்ஸிஜன், இவற்றைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டு போகும் வேதிவினை என்று நான்கு வேண்டும். ஒன்றை எடுத்தால் அணையும். மற்ற எல்லாமே இதற்குள்தான் வரும்.

அடுத்தது தீயின் வகைகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது, யூடியூபில் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். நம் இந்தியத் தரநிலைப்படி ஏ என்பது மரம், துணி, காகிதம். பி என்பது பெட்ரோல், டீசல், தின்னர் போன்ற திரவங்கள். சி என்பது சமையல் வாயு போன்ற வாயுக்கள். டி என்பது மெக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்கள். எஃப் என்பது சமையல் எண்ணெய். அமெரிக்க முறையில் சி என்றால் மின்சாரத் தீ, சமையல் எண்ணெய் கே. வீடியோவைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு, நேர்காணலில் “சி கிளாஸ் என்றால் எலக்ட்ரிக்கல்” என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. நம் முறையில் மின்சாரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டால், மிச்சம் எரிவது எதுவோ அதுவே அந்தத் தீயின் வகை.

தீயணைப்பானைக் கையாளுவது எளிதாகத் தெரியும்: பின்னை இழு, தீயின் அடியைக் குறி, பிடியை அழுத்து, இடமும் வலமும் வீசு. ஆனால் இதற்குள் நுணுக்கம் இருக்கிறது. உலர் பவுடர் தீயணைப்பானில் அழுத்தமானி உண்டு, முள் பச்சையில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரில் அழுத்தமானியே இருக்காது. அதை எடை போட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். “இதில் கேஜ் எங்கே?” என்று கேட்டுக் குழப்பிப் பார்ப்பார்கள், தடுமாறக்கூடாது. அதை அடிக்கும்போது கறுப்புக் குழலின் வாயை வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகும், பிடியைத்தான் பிடிக்க வேண்டும். சிறிய அறைக்குள் முழு சிலிண்டரையும் அடித்தால் ஆக்ஸிஜன் குறைந்து அடிக்கிறவருக்கே மூச்சு முட்டும்.

மூச்சுக்கருவிக் கணக்கை நன்றாகப் போட்டுப் பழகுங்கள். 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம் என்றால் உள்ளே இருப்பது 1800 லிட்டர் காற்று. உழைக்கிறவர் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் இழுப்பார் என்று வைத்தால் 45 நிமிடம். அதில் 10 நிமிடத்தைத் திரும்பி வருவதற்கென்று கழித்துவிட வேண்டும். ஆக, வேலைக்குக் கிடைப்பது 35 நிமிடம். சிலிண்டர் 200 பாரில்தான் இருந்தால்? 1200 லிட்டர், 30 நிமிடம், கழித்தால் 20. பயந்தவர் 40 லிட்டரோடு நிற்க மாட்டார், அதற்கு மேலும் இழுப்பார். உள்ளே போகிறவர் வாசலில் நிற்கிறவரிடம் அழுத்தத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

சூடேறினால் கூரையிலிருந்து தானாகவே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரில் கண்ணாடிக் குமிழின் நிறம் வெப்ப அளவைச் சொல்லும். ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. பொதுவாகக் கண்ணில் படுவது சிவப்பு. பாய்லர் பக்கத்தில் சிவப்பை மாட்டினால் தீயே இல்லாமல் தண்ணீர் கொட்டும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர் தனியாகத் தெரிவார்.

பம்ப் ரூமுக்குள் நேரம் செலவழியுங்கள். ஜாக்கி பம்ப் குழாயில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், அழுத்தம் மேலும் விழுந்தால் மெயின் பம்ப் எடுக்கும், கரண்ட் போனால் டீசல் பம்ப் எடுக்கும். இதில் எந்தச் சுவிட்சாவது ‘ஆட்டோ’வில் இல்லாமல் ‘மேனுவல்’ ஆக இருந்தால் தீப்பிடிக்கும் நேரத்தில் மொத்தமும் வீண். டீசல் பம்பின் பேட்டரி இறங்கிக் கிடப்பதும் அப்படியே.

தேசியக் கட்டடச் சட்டத் தொகுப்பு 2016-ன் நான்காம் பகுதி தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. முழுதும் மனப்பாடம் வேண்டாம், வெளியேறும் வழி பற்றிய பகுதியை மட்டும் ஆழமாகப் படியுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கொட்டகையும் நெருக்கடியான படிக்கட்டும் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு அந்தப் பகுதியைப் படித்தால் ஒவ்வொரு விதிக்கும் காரணம் புரியும்.

நம் ஊருக்கென்று கூடுதலாகப் படிக்க வேண்டியவை

இவற்றுக்குப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும், ஆனால் இங்கே வேலை செய்கிறவருக்கு அது போதாது. லித்தியம் பேட்டரித் தீயில் உள்ளே இருக்கும் செல் தானாகவே சூடேறிக்கொண்டு போகும். மேலே தீ அணைந்ததுபோலத் தெரிந்து, பிறகு மறுபடி பிடிக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர வைப்பதுதான் வேலை. வெறும் பவுடர் அடித்துவிட்டு நகரக்கூடாது.

வெல்டிங்கும் கட்டிங்கும் நடக்கும் இடத்தில் ஹாட் ஒர்க் பெர்மிட், அதாவது நெருப்புப்பொறி பறக்கும் வேலைக்கான எழுத்து அனுமதி, இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம், பல ஆலைகளில் ஒரு மணி நேரம், ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். டீ குடிக்கப் போகும் அந்த இடைவெளியில்தான் தீப்பொறி பஞ்சிலோ அட்டைப் பெட்டியிலோ புகைந்துகொண்டிருக்கும். குளிர்பதனக் கிடங்கில் அமோனியா, குவாரியில் வெடிமருந்து, தொப்பூர் கணவாயில் கவிழும் டேங்கர் ஆகியவற்றுக்கு அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து சாக்கடைக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் தேங்கும். காற்றில் அது சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கசிவு என்றால் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடக்கூடாது என்பதை உங்கள் வீட்டிலும் தெருவிலும் சொல்லிக்கொடுங்கள்.

அரசுத் தீயணைப்பாளர் வேலைதான் வேண்டுமென்றால்

வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31. உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு 81, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் 70 மதிப்பெண் முதன்மைத் தாளையே திருத்துவார்கள். பிறகு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏறுதல், தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் அதற்கடுத்து. அறிவிக்கை வந்ததும் இவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிக்கை வந்த பிறகு ஓடத் தொடங்கினால் முழங்கால்தான் போகும். மாவட்ட விளையாட்டரங்கில் இப்போதே தொடங்குங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டித் தனியாரிடம் போவதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

பட்டம் முடித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 வழியாகத் தீயணைப்புத் துறையில் மாவட்ட அலுவலர் பதவி இருக்கிறது. 2003-ல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அப்படி வந்தவர்கள்தான். நாட்டிலேயே முதன்முதலாக இந்த நிலை அதிகாரிகளான பெண்கள் அவர்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தத் துறை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் ஆலைகளும், அவர்கள் தங்கும் பெரிய விடுதிகளும் வந்துவிட்டன. நள்ளிரவில் அந்த விடுதியை வெளியேற்ற, உள்ளே ஒரு பெண் பாதுகாப்பு அலுவலர் இருப்பதுதான் சரி.

நான்காம் படி: வேலை தேடுவது

முதல் வேலை பெரும்பாலும் காண்ட்ராக்ட் வழியாக, ஷிப்டில், ஃபயர்மேன் அல்லது சேஃப்டி ஸ்டூவர்டு என்ற பெயரில் வரும். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பித்து ஆலைக்குள் நுழைவது நல்லது. அந்த ஓர் ஆண்டில் மாக் டிரில் (தீ ஒத்திகை), பெர்மிட், அன்றாடச் சோதனைப் பதிவேடு என்று எல்லாம் கைக்கு வந்துவிடும்.

‘சேஃப்டி ஆபீசர்’ என்பது சட்டம் வரையறுத்த பதவி. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 1000 தொழிலாளர்கள் உள்ள ஆலைக்கு அதைக் கட்டாயமாக்கியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதை 500 ஆகவும், ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகளுக்கு 250 ஆகவும் குறைத்திருக்கிறது. அப்படியென்றால் தேவை கூடும். ஆனால் பத்தாவது முடித்து ஆறு மாத கோர்ஸ் படித்தவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. அங்கே போக ஆசையிருந்தால், வேலை செய்துகொண்டே டிப்ளமோ, பட்டம், பிறகு பாதுகாப்பு டிப்ளமோ என்று ஏறிப் போக வேண்டும். சில வருடம் பிடிக்கும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் நெபோஷ் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அது பிரிட்டனில் உள்ள அமைப்பு நடத்துவது, பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், கட்டணமும் அதிகம். கையில் அனுபவமே இல்லாமல் அதை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் பலன் குறைவு. முதலில் இங்கே ஓரிரு ஆண்டு ஆலையில் நின்றுவிட்டு அப்புறம் எழுதுங்கள். ஏஜெண்டு மூலம் போவதானால் அவர் வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் பொருளைக் கையில் கொடுத்துத்தான் கேட்பார்கள். ஒரு ஹோஸைச் சுருட்டச் சொல்வார்கள், மூச்சுக்கருவியை மாட்டச் சொல்வார்கள், “இந்த அறையில் தீப்பிடித்தால் முதல் வேலை என்ன?” என்பார்கள். தீயணைப்பானை எடுப்பேன் என்று சொல்லாதீர்கள். அலாரம் அடிப்பேன், ஆட்களை வெளியேற்றுவேன், 101 அல்லது 112-க்குச் சொல்லச் சொல்வேன், தீ சிறியதாகவும் எனக்குப் பின்னால் வெளியே போக வழியும் இருந்தால் மட்டும் அணைப்பேன் என்று அந்த வரிசையில் சொல்லுங்கள்.

வேலை கிடைத்துவிட்டால் முதல் வாரத்தில் உங்கள் ஷிப்டுக்கு உட்பட்ட எல்லா அவசர வழிக் கதவுகளையும் கையால் தள்ளித் திறந்து பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவு ஷிப்டில் ஒருமுறை. பகலில் திறந்திருக்கும் கதவு இரவில் திருட்டுக்குப் பயந்து பூட்டப்பட்டிருக்கும். பூட்டைப் பார்த்தால் அன்றைக்கே மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.